பக்கம் 233 முதல் 241 வரை

திங்கட்கிழமை வந்தது கோரிக்கைச் சீட்டு.
வால்திவியாவில் அன்றும் மழை.
குடையை உதறிவிட்டுப் படித்தேன்:
சால்தீவியா, ப., ஆற்றோரக் களிமண்ணின் வெட்டு வலிமை,
தொகுதி பதினான்கு, பக்கம் 233 முதல் 241 வரை.
கேட்டவன் நவுவேல் ஓயார்சூன்,
கட்டுமானப் பொறியியல், நான்காம் ஆண்டு.
அவசரம் என்று இரண்டு கோடு.

தொகுதி பதினான்கு எங்களிடமே இருக்கிறது,
கீழ்த்தளத்தில், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.
புரட்டினேன்.
212இல் முடிகிறது.
அதன்பின் ஒரு சிமெண்ட் விளம்பரம்,
அட்டை,
என் விரல்.

சால்தீவியா இருக்கிறார்:
அணைக்கட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்,
களிமண் பக்கம் வந்ததே இல்லை.
இதழ் இருக்கிறது. ஆண்டு இருக்கிறது.
தனித்தனியாக எல்லாம் மெய்,
கூடி நிற்கையில் பொய்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான்;
அதற்காவது ஓர் ஏடு இருந்தது.

‘இப்படி ஒரு கட்டுரை இல்லை’
என்று பதில் அடித்தேன்.
இந்த ஆண்டு நாற்பத்தொன்றாவது முறை.
‘இப்படி’ என்றதுமே மீதியைக்
கணினியே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

அவன் நேரில் வந்தான், சட்டையெல்லாம் மழை.
“செயலி சொன்னதை அப்படியே எடுக்கவில்லை, சென்யோரா.
சரிபார்த்தேன். இன்னோரிடத்திலும் இருக்கிறது.”
எங்கே?
“உங்கள் அலமாரியில்.
போன வருட ஆய்வேடு. மேற்கோள் இருபத்தேழு.”

பதிவைத் திறந்தேன்.
‘சான்றுகள் சரிபார்க்கப்பட்டன’: ஒரு டிக்.
பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள்.
அந்த வாரம் எனக்குப் பல்வலி என்று நினைவு.

ஆக,
யாரோ ஒருத்தி இயந்திரத்திடம் கேட்டிருக்கிறாள்,
அது இல்லாததைப் பணிவாகச் சொல்லியிருக்கிறது,
மூன்று பேராசிரியர்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள்,
நான் முதுகில் எண் ஒட்டி நிறுத்தியிருக்கிறேன்.
இனி யார் கேட்டாலும் இயந்திரம்
என் அலமாரியைக் கைகாட்டும்.
பேய்க்கு வீட்டு முகவரி எழுதிக்கொடுத்தவள் நான்.

அவனுக்கு வேண்டியது ஓர் எண்தான்.
குரூசஸ் ஆற்றைப் பள்ளிப் பிள்ளைகள் கடக்க
நகராட்சி ஒரு மரப்பாலம் போடுகிறது;
தூண் எவ்வளவு ஆழம் என்பது அவன் பங்குக் கணக்கு.
ஆய்வேட்டில் 41.7 என்று இருந்தது.
அந்தப் புள்ளி ஏழு யாரையும் நம்பவைக்கும்.
1960இல் தரை இறங்கி
மேய்ச்சல் நிலமெல்லாம் ஆறாகிப்போன ஊர் இது.
இங்கே மண்ணைப் பற்றிப் பொய் சொல்லத்
துணிச்சல் வேண்டும்,
அல்லது ஊர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை அவன் கருவியோடு ஆற்றுக்குப் போனான்.
யாரும் அழைக்காமல் நானும் போனேன்.
முழங்கால் வரை சேறு.
நான்கு இறக்கை வைத்த கம்பியை உள்ளே இறக்கித்
திருகினோம்.
களிமண் முரண்டியது, முனகியது, சட்டென்று விட்டது.
பதினெட்டு.
பத்தடி தள்ளிப் பதினாறு.
நாணல் ஓரம் இருபத்தொன்று.
“ஒரே கேள்விக்கு மூன்று பதில்,
உன் செயலி மாதிரியே” என்றேன்.
“இதில் கை வலிக்கிறதே” என்றான்.

அப்பால் கருங்கழுத்து அன்னங்கள்.
பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது ஏட்டு வழக்கு.
இவை தலையைக் கவிழ்த்துப்
பாசியைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன,
அலகெல்லாம் சேறு.

ஆய்வேட்டை நான் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.
இருபத்தேழுக்கு நேரே ஒரு சீட்டு ஒட்டினேன்:
‘இந்தக் கட்டுரை இல்லை. தேடிப் பார்த்தேன்,
முதல் தடவை பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன்.’
கீழே அதே முதலெழுத்துகள்.
பட்டியலிலும் திருத்தினேன்.

மதியம் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கோரிக்கை.
சால்தீவியா, ப. தொகுதி பதினான்கு.
பக்கம் 233 முதல் 249 வரை.

வளர்ந்திருக்கிறது.